ஹட்டனில் நட்ட சிவப்பு ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்தது ஏன்?

இளஞ்சிவப்பாகப் பூத்த தொட்டிச் செடியை நிலத்தில் நட்டேன், மறு வருடம் நீலமாகிவிட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்மேல் பழி போடாதீர்கள். உங்கள் மண் செய்த வேலை இது.

தேயிலை விளையும் நம் மலைமண் அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. அந்த நிலையில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து, வேர் வழியாக ஏறி, பூவின் நிறமியோடு சேர்ந்து நீலமாக்குகிறது. தேயிலைக்குப் போடும் டொலமைட்டை, அதாவது மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூளை, தூவி வந்தால் மெல்லச் சிவப்புப் பக்கம் திரும்பும்; ஒரே பருவத்தில் நடக்காது. என் வாசல் புதரில் சுண்ணாம்பு கசியும் சீமெந்துச் சுவரோரக் கொத்து ரோஜா நிறம், மறுபுறம் நீலம்! வெள்ளை வகை மட்டும் எதற்கும் அசையாது.

நாம் இதழ் என்று ரசிப்பவை உண்மையில் புல்லி இதழ்கள், அதாவது பூவின் வெளிச்சுற்றில் இருப்பவை. அதனால்தான் கொத்து வாரக்கணக்கில் நிற்கிறது.

தேயிலையைப் போல இதை அடியோடு கவ்வாத்து வெட்டிவிடாதீர்கள். அடுத்த பூவுக்கான மொட்டு பழைய கிளையில்தான் உருவாகிறது; பூ வாடியதும் அந்தத் தலையை மட்டும் நறுக்கினால் போதும். வீட்டில் ஆடு இருந்தால் வேலி போடுங்கள், இலை நஞ்சு.