மைக்கா மேல் ஒரு சவ்வு

அன்புள்ள ஐயா,
மைக்கா என்ற கல்லின் தகட்டில், உயிரணுவைச் சுற்றியிருப்பது போன்ற லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) சவ்வைப் படியவைத்து, அதன் மூலக்கூறு அமைப்பை அணுவிசை நுண்ணோக்கியில் பார்க்கிறேன். ஏதோ சின்ன ஆய்வுதான். கல்லில் ஒட்டிக்கிடப்பது நிஜச் சவ்வாகுமா என்று எனக்கே சந்தேகம். ஊருக்குப் போனால் மாமா, “இதையப் படிச்சு என்ன ஆகப்போகுது கண்ணு, கலியாணத்தப் பண்ணிக்க” என்கிறார். என்ன சொல்வது?
ஒரு வாசகி, காங்கேயம்

அம்மணி,

மாமாவை விடுங்கள். கொப்பரை விலை ஏறினால் அவர் பேச்சு மாறிவிடும்.

சவ்வு கல்லில் ஒட்டிக்கிடக்கவில்லை. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே! நாலைந்து நானோமீட்டர் சவ்வுக்கும் மைக்காவுக்கும் நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தண்ணீர் நிற்கிறது. அதனால்தான் லிப்பிட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. சவ்வுக்கு வெளியே நீளும் புரதங்கள் கல்லில் தட்டி நின்றுவிடும், வாஸ்தவம். அதற்குத்தான் பாலிமர் அடுக்கை இடையில் வைக்கிறார்கள். சரி, அது போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ‘ஏதோ சின்ன’வில். ஆக்னஸ் போக்கெல்ஸை உங்களுக்குத் தெரியுமா? கொஞ்ச நாளாகவே அவர் நினைப்புதான் எனக்கு. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரம். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம். பெற்றோரைக் கவனித்துக்கொண்டே, சமையலறையில் தகரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மேலே படியும் எண்ணெய்ப் படலத்தை ஒரு பட்டையால் ஒதுக்கி ஒதுக்கி, பரப்பு இழுவிசையை அளந்தார். தராசில் தொங்கவிட்ட ஒரு பொத்தான்தான் கருவி. 1891இல் இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதினார். ராலே அக்கடிதத்தை ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளிவரச் செய்தார். தண்ணீர்மேல் படியும் ஒற்றை மூலக்கூறுப் படலங்களை ஆராய அமெரிக்க வேதியியலாளர் லாங்மூர் பயன்படுத்திய தொட்டிக்கு முன்னோடி அந்தத் தகரத் தொட்டிதான். லாங்மூருக்கு 1932இல் நோபல் கிடைத்தது. அதே ஆண்டு, எழுபது வயதில், போக்கெல்ஸுக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டம்.

நாங்களும் உங்கள் ஊர்ப்பக்கம்தான். என் பெரியக்கா பத்தாவதில் கணக்கில் நூறு வாங்கினாள். வீட்டில் ஆள் வேண்டுமென்று பள்ளியை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கொப்பரைக் களத்துக் கூலிக் கணக்கு மொத்தமும் அவள்தான். தாளைத் தொடாமல் சொல்லுவாள். அவளும் ஏதாவது கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடித்தாலும் யாருக்கு எழுதுவாள்? உங்களுக்கு ஆய்வகம் கொடுத்து, உதவித்தொகையும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். ‘ஏதோ சின்ன’ என்று எழுத எப்படி அம்மணி கை வந்தது?

நுண்ணோக்கிப் படம் ஒன்று அனுப்புங்கள், அக்காவுக்குக் காட்டவேண்டும். அளவுக்கோட்டோடு அனுப்புங்கள். எவ்வளவு பெரிசு என்றுதான் முதலில் கேட்பாள்.