பிட்ஸ்பர்கில் வீடு: ‘பத்து நிமிடம்’ யாருக்கு?

கேள்வி: என் மகள் பிட்ஸ்பர்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப் போகிறாள். ‘ரயில் நிலையம் பக்கத்திலேயே வீடு, கல்லூரிக்குப் பத்து நிமிடம்’ என்று ஓர் ஏஜென்ட் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். விமான நிலையத்திலிருந்து கூட்டிவர 150 டாலர் தனி. கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? – கோவை வாசகர்

பதில்: கார் தேவையில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அந்த ஊரில் ‘டி’ என்றொரு ரயில் ஓடுகிறது. அது நகர மையத்திலிருந்து தெற்குப் புறநகர்களுக்குப் போகும் ரயில். உங்கள் மகளின் கல்லூரி இருக்கும் ஓக்லண்ட் பக்கம் அது போகாது, விமான நிலையத்துக்கும் போகாது. இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கும் இடத்துக்கு இன்னும் ரயில் விடவில்லையே என்று எனக்குக் கோபமே வருகிறது. ரயிலில் வந்தால் நகர மையத்தில் இறங்கி பஸ் மாறித்தான் உங்கள் மகள் கல்லூரி போக வேண்டும். ஏஜென்ட் சொல்லும் பத்து நிமிடம் காரில் போகிறவருக்கு.

மேப்பில் தெரியும் தூரத்தையும் நம்பாதீர்கள். ஊரே குன்றும் பள்ளமும்தான். அந்த ரயில் போகும் பீச்வியூவில் கேன்டன் அவென்யூ என்ற தெருவின் சரிவு 37 சதவீதம். அதாவது நூறு அடி முன்னே போனால் 37 அடி மேலே ஏறியிருப்பீர்கள். பல இடங்களில் தெருவே படிக்கட்டாக இருக்கும். ஜனவரியில் அதில் பனி உறைந்து கிடக்கும்.

ஓக்லண்ட், ஷேடிசைட், ஸ்குவரல் ஹில் பகுதிகளில் வீடு தேடுங்கள். ஸ்குவரல் ஹில்லிலிருந்து 61 என்று தொடங்கும் பஸ்கள் கல்லூரி வழியாகவே போகின்றன. மேப்பில் வீட்டின் முழு முகவரியைப் போட்டு, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு பஸ் உண்டா என்று பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து 28எக்ஸ் பஸ் நேராக ஓக்லண்ட் வருகிறது. கட்டணம் 2.75 டாலர். 150 எதற்கு? கல்லூரி அடையாள அட்டை இருந்தால் பஸ் இலவசம். ஆனால் முதல் நாள் கையில் அட்டை இருக்காது. சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் டிரைவர் சில்லறை தர மாட்டார், சரியாக எண்ணி வைத்திருக்கட்டும். நீங்கள் பார்க்கப் போனாலும் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும், இலவசம் அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும்தான்.

அட்வான்ஸ் விஷயம்: பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலச் சட்டப்படி முதல் வருடம் இரண்டு மாத வாடகை வரை கேட்கலாம். அதைச் சொல்லித்தான் ஏஜென்ட்கள் நம்பவைக்கிறார்கள். பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று கேளுங்கள். பிட்ஸ்பர்க் அடங்கிய மாவட்டமான அலெகெனி கவுண்டியின் சொத்துப் பதிவு இணையதளத்தில் முகவரியைப் போட்டால் வீட்டுக்காரர் பெயர் இலவசமாகத் தெரியும். ஒப்பந்தத்தில் வேறு பெயர் இருந்து, அதற்கு எழுத்தில் விளக்கமும் வராவிட்டால் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.