பாசிட்டிவாக இரு என்கிறார்கள், எப்படி அக்கா?

கேள்வி: அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. 2021 ஜூன் 1-ஆம் தேதி மலேசியாவில் கோவிட்டுக்காக முழு நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறேன். தோட்ட வேலைக்குத் தடை இல்லாததால் அப்பா தினமும் செம்பனைக் காட்டுக்குப் போய் வருகிறார். ஐந்தாம் படிவத் தம்பிக்கும் எனக்கும் சேர்த்து ஒரே போன். வீட்டில் லைன் கிடைக்காது. பாலாய் ராயா (பொது மண்டபம்) பக்கம் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துதான் வகுப்பு. இரண்டு அசைன்மெண்ட் நின்றுபோச்சு, அதை நினைத்தாலே போய்ப் படுத்துவிடுகிறேன். சாயங்காலம் கோவிட் எண்ணிக்கை வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தா கோவிட்டில் போய்விட்டார், முகம்கூடப் பார்க்க முடியவில்லை. அன்று ராத்திரி தம்பி ஏதோ கோமாளித்தனம் செய்ய, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா திட்டினார், எனக்கே அசிங்கமாக இருந்தது. லெக்சரர்கள் ‘பாசிட்டிவாக இருங்கள்’ என்கிறார்கள். செமஸ்டரைத் தள்ளிப்போட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, அந்தச் சிரிப்பில் ஒரு தப்பும் இல்லை. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. இழவு விழுந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ரேடியோகூடப் போடாமல் வளர்ந்த தலைமுறை அது. ஆனால் நீ தாத்தாவை மறந்துவிட்டதால் சிரிக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோன காலத்தில், சாகக் கிடந்த துணைவர்களைப் பராமரித்தவர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து பேட்டி கண்டார் சூசன் ஃபோக்மன் என்ற உளவியல் ஆய்வாளர். அவர்கள் மனம் எவ்வளவு நொந்திருந்தது என்பது அதில் தெரிந்தது. கூடவே, அதே ஆட்களுக்கு அதே காலத்தில் சந்தோஷமும் வந்துபோனது. ஒன்று இன்னொன்றைத் துரத்தவில்லை. அந்தச் சின்னச் சந்தோஷங்கள்தான் மறுநாளும் எழுந்து கவனித்துக்கொள்ளத் தெம்பு தந்திருக்கும் என்று 1997-இல் எழுதினார். பாசிட்டிவ் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எந்நேரமும் பல்லைக் காட்டு என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களை விட்டுத்தள்ளு.

இதே ஃபோக்மனும் ரிச்சர்ட் லாசரஸும் 1984-இல் இன்னொன்று சொன்னார்கள். கஷ்டத்தைச் சமாளிப்பதில் இரண்டு வகை. நம்மால் மாற்ற முடிந்ததை இறங்கி மாற்றுவது ஒன்று. மாற்ற முடியாததற்கு மனசை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. நீ இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறாய். நாட்டின் எண்ணிக்கையை உற்று உற்றுப் பார்த்தால் குறைந்துவிடும் என்பதுபோல் காவல் இருக்கிறாய். கை வைத்தால் நகரக்கூடிய அசைன்மெண்டுக்கோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாய்.

ஜூலை 13-ஆம் தேதி ஒரே நாளில் 11,079 பேருக்குப் புதிதாகத் தொற்று என்று வந்தபோது எனக்கும் வயிறு கலங்கியது. பார்க்காதே என்று சொல்லவில்லை. ஒரு தடவை பார், போனைத் தம்பியிடம் கொடுத்துவிடு.

அசைன்மெண்ட் விஷயத்துக்கு இன்றைக்கே லெக்சரருக்கு எழுது. தோட்டத்துப் பிள்ளைகள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கேட்க வெட்கம், மார்க் போன பிறகு அழுகை. நீளமாகக் கஷ்டக்கதை எழுத வேண்டாம். “மேடம், நான் தோட்டத்தில் இருக்கிறேன். ஒரே போன், வீட்டில் லைன் இல்லை. முதல் அசைன்மெண்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன், இரண்டாவதற்கு ஒரு வாரம் தாருங்கள்.” இவ்வளவு போதும். தேதியை நீயே சொல், அவர் சரி என்று பதில் போட வசதியாக இருக்கும். உன் அக்காடெமிக் அட்வைசருக்கும் ஒரு பிரதி போகட்டும். வகுப்பின் பதிவோ வெறும் ஸ்லைடோ டெலிகிராமில் கிடைக்குமா என்று கேள். பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டத்துக்கு) ஆள் கிளம்பும் விடியற்காலையில் லைன் கொஞ்சம் நன்றாக இருந்தால் அப்போது இறக்கிக்கொள். டேட்டா உதவி உண்டா என்று பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவான எச்.இ.பி.யில் விசாரி. கேமராவைத் திறந்தே வை என்று அடம்பிடிக்கிற லெக்சரர்கள் ஒரு நாள் அந்த மோட்டார் சீட்டில் உட்கார்ந்து பாடம் நடத்திப் பார்க்கட்டும்.

தம்பியோடு போனுக்கு நேரம் பிரித்துக்கொள்வதை நீங்களே பேசி முடியுங்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகிற பிள்ளை, கொஞ்சம் விட்டுக்கொடு.

இன்னொரு வேலையும் தருகிறேன். உங்கள் லயத்தில், கோவிட் ஊசிக்குப் பதிகிற மைசெஜாத்தெரா செயலி என்றால் என்னவென்றே தெரியாத பெரியவர்கள் எத்தனை பேர்? ஊசிக்கான தேதி போனில் வந்து கிடக்கும், பார்க்கத்தான் ஆள் இருக்காது. மாஸ்க் போட்டு வாசலில் நின்றபடியே கேள். சுருக்குப்பையை அவிழ்த்து ஐசியை (அடையாள அட்டையை) நீட்டுவார்கள். எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துப் பதிந்துகொடு, வருகிற தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வை. அரிசி தீர்ந்தும், உதவி வேண்டும் என்று வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றக் கூச்சப்படுகிற வீடு இருந்தால் அதுவும் உன் கண்ணில் படும், அப்பாவிடம் சொல். புண்ணியத்துக்காக இதைச் சொல்லவில்லை. நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தவளுக்கு, நம்மால் ஒன்று நடந்தது என்று தெரிவது பெரிய மருந்து. லயத்துக்கே குமாஸ்தாவாகிவிடாதே, ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும்.

செமஸ்டரைத் தள்ளிப்போடுவது பற்றி: இப்போது வேண்டாம் என்பேன். தள்ளிப்போட்டாலும் அதே வீடு, அதே லைன், செய்வதற்கு மட்டும் ஒன்றும் இருக்காது. பி.டி.பி.டி.என். எனும் அரசாங்கக் கல்விக் கடன் எடுத்திருந்தால் அது என்னவாகும் என்று கேட்காமல் எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போடாதே. ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் கதை வேறு. பல்கலைக்கழகக் கவுன்சலரிடம் பேசு, அவரே ஒத்திவைக்கச் சொன்னால் தயங்காமல் ஒத்திவை. உயிர்மேல் வெறுப்பு வந்தால் எந்த நேரமானாலும் உதவி எண்களைக் கூப்பிடு: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, அல்லது தாலியான் காசே 15999. கூடவே அம்மாவை எழுப்பு.

அந்த அளவுக்கு இல்லையென்றால், இரண்டில் சின்ன அசைன்மெண்டை முதலில் முடித்து அனுப்பு. பெரியதுக்கு மேடம் என்ன தேதி தருகிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது, செமஸ்டரைப் பற்றி அப்புறம் பேசுவோம்.