கோட்லினில் ஒரு பெயர், ஜாவாவில் வேறு பெயர்: கேள்வி-பதில்

கே: லிஸ்ட்<ஸ்ட்ரிங்>, லிஸ்ட்<இன்ட்> இரண்டுக்கும் ‘ஃபில்டர்வேலிட்’ என்ற ஒரே பெயரில் எக்ஸ்டென்ஷன் (கிளாஸைத் தொடாமல் வெளியிலிருந்து சேர்க்கும் ஃபங்ஷன்) எழுதினேன். ‘பிளாட்ஃபார்ம் டிக்ளரேஷன் கிளாஷ்’ என்று கம்பைலர் மறுக்கிறது.

ப: கம்பைலர் உருவாக்கும் பைட்கோடில் ஜெனரிக் வகை (கோண அடைப்புக்குள் இருப்பது) அழிந்துவிடும். வாங்குவதும் தருவதும் வெறும் லிஸ்ட் என்றால் பைட்கோடை இயக்கும் ஜேவிஎம்முக்கு (ஜாவா விர்ச்சுவல் மெஷின்) இரண்டும் ஒன்றே. ஏதாவது ஒன்றுக்கு மேலே @ஜேவிஎம்நேம்("ஃபில்டர்வேலிட்இன்ட்") என்ற அனோட்டேஷனைப் (கம்பைலருக்கான குறிப்பு) போடுங்கள். கோட்லினில் பழைய பெயரிலேயே கூப்பிடலாம். ஜாவாவில்தான் புதுப் பெயர்.

கே: வெளியிட்டுவிட்ட லைப்ரரியில், ஜாவாக்காரர்களுக்காக ஒரு ஃபங்ஷனுக்கு ஜேவிஎம்நேம் சேர்த்தேன். கோட்லின் ஆப் ஒன்று ‘நோசச்மெத்தட்எர்ரர்’ என்று விழுகிறது. கோட்லின் பெயரை நான் தொடவே இல்லையே!

ப: இதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஜேவிஎம்நேம் இரண்டாவது பெயரைச் சேர்ப்பதில்லை. இருந்த பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கிறது. கோட்லின் கோடும் பைட்கோடில் ஜேவிஎம் பெயரைத்தான் கூப்பிடுகிறது. அந்த ஆப் பழைய லைப்ரரியோடு கம்பைல் ஆனது. இயங்கும்போது பழைய பெயரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. மறுபடி கம்பைல் செய்தால் ஓடும். ஆனால் உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தும் எல்லோரையும் அப்படிச் செய்யச் சொல்ல முடியாது. அனோட்டேஷனை எடுத்துவிட்டு, புதுப் பெயரில் தனி ஃபங்ஷன் எழுதுங்கள். பழையது ஒரே வரியில் அதைக் கூப்பிட்டால் போதும். அதற்கு ‘இனி இதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று எச்சரிக்கும் @டெப்ரிகேட்டட் போட்டு, ரிப்ளேஸ்வித் வழியாகப் புதுப் பெயரைக் காட்டுங்கள். இரண்டு பெயர் வேண்டுமென்றால் இரண்டு மெத்தட்தான். சுருக்குவழி கிடையாது.

கே: இன்டர்ஃபேஸ் மெத்தடில் ஜேவிஎம்நேம் ஏற்கவில்லையே?

ப: ஏற்காது. ஓபன் (மாற்றி எழுத அனுமதிக்கும்), ஓவர்ரைடு (மாற்றி எழுதும்) மெத்தட்களிலும் அப்படித்தான். ஓவர்ரைடு எது என்பதை ஜேவிஎம் பெயரையும் சிக்னேச்சரையும் வைத்தே முடிவு செய்கிறது. நடுவில் பெயரை மாற்றினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

கே: டெஸ்ட்டுக்கான மாக்கிட்டோ லைப்ரரியின் ‘வென்’ கோட்லினில் கீவேர்டு. ஒவ்வொரு முறையும் பேக்டிக் (`) போட்டு அலுத்துவிட்டது.

ப: இம்போர்ட் வரியில் மட்டும் ஒருமுறை பேக்டிக் போட்டு, கடைசியில் ‘ஆஸ் வெனெவர்’ என்று சேர்த்துவிடுங்கள். அந்தப் பெயர் அந்த ஃபைலுக்குள் மட்டுமே செல்லும். ‘வென்’ ஸ்டாடிக் மெத்தட் என்பதால்தான் இது நடக்கிறது. ஆப்ஜெக்டின் மீது கூப்பிடும் மெத்தடுக்கு இம்போர்ட் அலியாஸ் (மாற்றுப் பெயர்) வைக்க முடியாது. அங்கே எக்ஸ்டென்ஷன் எழுதி உள்ளிருந்து அதைக் கூப்பிடுங்கள். அந்த கிளாஸில் ஏற்கெனவே அதே பெயரும் அதே பாராமீட்டர்களும் உள்ள மெம்பர் இருந்தால் அதுதான் ஓடும், உங்கள் எக்ஸ்டென்ஷன் அல்ல. கம்பைலர் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடும், பார்க்காமல் தாண்டாதீர்கள்.