படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடலாமா?

கேள்வி: நானும் என் துணைவரும் ஆண்கள். நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். வேறு யாருடனும் உறவில்லை. இருவருக்கும் எச்.ஐ.வி. இல்லை என்பது பரிசோதனையில் உறுதியானது. ஆனாலும் ரத்த தானப் படிவத்தில் ஆணுடன் உறவு உண்டு என்று எழுதியதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அலுவலகத்தில் முகாம். ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: எழுதாதீர்கள். அதற்காக, உங்களைத் திருப்பி அனுப்பிய விதி நியாயமானது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம்.

அந்தக் கேள்வி எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த 1980-களில் பிறந்தது. 1977-க்குப் பிறகு ஒரே ஒருமுறை ஆணுடன் உறவு கொண்டிருந்தாலும் வாழ்நாள் முழுக்க ரத்தம் தரக் கூடாது என்று அமெரிக்கா விலக்கிவைத்தது. அன்றைய பரிசோதனை, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடியது. அது உடலில் உருவாகச் சில வாரங்கள் ஆகும். இன்று ‘நாட்’ பரிசோதனை வைரஸின் மரபணுப் பொருளையே தேடி, தொற்றிய ஏறத்தாழ 10 நாட்களில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அறிவியல் இவ்வளவு தூரம் வந்த பிறகும் அந்தத் தடை 2015 வரை அப்படியே கிடந்தது. ஒரே மாதத்தில் மூன்று பெண்களுடன் உறவு கொண்ட ஆண் அந்தப் படிவத்தில் தேறிவிடுவார். பத்து ஆண்டுகளாக ஒரே துணையுடன் வாழும் தன்பாலீர்ப்பு ஆண் தேறமாட்டார். இதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

இத்தாலி 2001-லேயே இதை மாற்றிக்கொண்டது. பிரிட்டன் 2021-இலும், கனடா 2022-இலும், அமெரிக்கா 2023-இலும் ஆண் பெண் பேதமின்றி எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கின: கடந்த மூன்று மாதங்களில் புதிய துணையோ, ஒன்றுக்கு மேற்பட்ட துணைகளோ உண்டா, அவர்களுடன் ஆசனவழி உறவு உண்டா? இந்தக் கேள்வியில் நீங்கள் தேறிவிடுவீர்கள். இந்தியாவின் 2017 நெறிமுறையோ ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களையும் திருநர்களையும் நிரந்தரமாக விலக்குகிறது. அதை எதிர்த்து 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

பிறகு ஏன் பொய் சொல்லக் கூடாது? ‘நாட்’ எல்லா ரத்த வங்கிகளிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் அந்த முதல் சில நாட்கள் அதன் கண்ணுக்குப் படாதவை. அங்கே கொடையாளர் சொல்லும் பதில் ஒன்றுதான் காவல். நீங்கள் தரும் ஒரு பை சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிந்து மூன்று பேருக்குக்கூடப் போகும். இன்னொன்று: நீங்கள் எச்.ஐ.வி. தடுப்புக்கான ‘பிரெப்’ மாத்திரை எடுத்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது தொற்றைப் பரிசோதனையிலிருந்தே மறைத்துவிடக்கூடும் என்பதால், அமெரிக்கா கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர் சிகிச்சை எடுத்து, ‘வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால் பரவாது’ என்பது உடலுறவுக்கு மட்டுமே உண்மை. நேரே நாளத்தில் ஏறும் ரத்தத்துக்கு அது பொருந்தாது.

முகாம் நாளன்று சக ஊழியர்களிடம் ‘இன்று தர இயலவில்லை’ என்றால் போதும். ரத்தசோகை, அண்மையில் குத்திய பச்சை, ஒரு மாத்திரை என்று திரும்பிப் போகிறவர்கள் எந்த முகாமிலும் உண்டு. யாரும் துருவ மாட்டார்கள். படிவத்தைப் பலர் முன்னிலையில் நிரப்பச் சொன்னால் தனியிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. முன்பே எங்காவது மறைத்துக் கொடுத்திருந்தால், கொடையாளர் அட்டையில் உள்ள எண்ணைச் சொல்லி அந்த ரத்த வங்கிக்கு இன்றே தொலைபேசியில் பேசுங்கள். பை இன்னும் வெளியே போகவில்லை என்றால் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள்.