பெயர் வேறு, மருந்து ஒன்று

கேள்வி: என் கணவருக்கு வயது 58. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். சளி, காய்ச்சல் என்று தானே கடையில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கி, ஒரே நாளில் மூன்று போட்டார். அட்டையில் ‘பாராசிட்டமால் 500 மி.கி., ஃபினைலெஃப்ரின் 10 மி.கி., குளோர்ஃபெனிரமின் 2 மி.கி.’ என்று இருக்கிறது. காய்ச்சல் விடவில்லை என்று வீட்டில் இருந்த 650 மாத்திரையையும் நான்கு முறை போட்டுவிட்டார். மறுநாள் முழுக்கத் தூங்கி வழிந்தார். இரண்டும் வேறு வேறு மாத்திரைதானே, இதில் தப்பு இருக்கிறதா?

பதில்: கடிதம் கிடைத்ததுமே, அவரை அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லிப் பதில் அனுப்பினேன். இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயமில்லை அது. காரணத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

அந்த 650ம் பாராசிட்டமால்தான் அம்மா. கணக்குப் போட்டுப் பாருங்கள். சளி மாத்திரை மூன்றில் 1,500 மி.கி., 650 நான்கில் 2,600. மொத்தம் 4,100. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000தான் உச்சவரம்பு. தினமும் குடிக்கிறவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், எடை மிகக் குறைந்தவர் என்றால் அதுவும் அதிகம். நூறு மில்லிகிராம் கூடியதால் மட்டும் கல்லீரல் கெட்டுவிடாது. ஆனால் அடுத்த நாளும் இதே கணக்கில் போயிருந்தால்? பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, மிஞ்சிப்போனால் குமட்டல். கல்லீரல் பாதிப்பு தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த நச்சை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன். அதனால்தான் ‘ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது என்கிறேன்.

அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். முப்பது வருடம் மருந்துக் கடையில் நின்றவன் நான். ஒருமுறை காய்ச்சலோடு வீடு வந்தபோது என் சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: “ரெண்டுலயும் ஒரே பேர் போட்டிருக்கே?” முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் பின்பக்கம், பொடி எழுத்தில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் படிக்க வேண்டும். வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் தூளாக இருந்தாலும் சரி, சிரப்பாக இருந்தாலும் சரி.

அடுத்தது ஃபினைலெஃப்ரின். ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பைக் குறைப்பதற்காகச் சேர்ப்பது. குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறலாம். உங்கள் கணவர் அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் தினமும் மாத்திரை போடுகிறார்! போதாததற்கு, விழுங்கும் ஃபினைலெஃப்ரினால் மூக்கடைப்பு குறைவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், அவருக்கு அந்தச் சளி மாத்திரையே வேண்டாம்.

தூங்கி வழிந்தது பெரும்பாலும், தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் சேர்க்கும் குளோர்ஃபெனிரமின் வேலை. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, மதுவும் கூடாது. அவர் வயதில் புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

இனிமேல் காய்ச்சல், உடம்புவலி மட்டும் என்றால் தனிப் பாராசிட்டமால் போதும். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி. போட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு எத்தனை போட்டோம் என்பது நினைவிருக்காது. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மூக்கடைப்புக்கு வாங்கிய ஸ்பிரேயை மூன்று வாரமாக விட முடியவில்லை. அடிக்காவிட்டால் இரவில் தூக்கமே இல்லை. சளி இன்னும் போகவில்லையா?

பதில்: சளி எப்போதோ போயிருக்கும். புட்டியில் சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலின் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இப்போது மூக்கை அடைப்பதே அந்த ஸ்பிரேதான். ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்தின் வேகம் குறையக் குறைய மூக்கின் உட்புறம் முன்பைவிட அதிகமாக வீங்கும். முதலில் ஒரு பக்க மூக்கில் நிறுத்துங்கள், அது திறந்ததும் மறுபக்கம். இடையில் உப்புநீர்ச் சொட்டு விடலாம். முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும். தாங்க முடியாவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வகை ஸ்பிரே தருவார். அதே ஸ்பிரேயில் இன்னொரு புட்டி மட்டும் வாங்காதீர்கள்.