கண்ணாடி, நெசவுக் கலைஞர்களின் பட்டறையில் எதைப் பார்ப்பது?

கண்ணாடிக் கலைஞரும் நெசவுக் கலைஞரும் தங்கள் பட்டறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கும் நாளில் போக விரும்புவதாகவும், கலையில் பழக்கமில்லாத ஒருவர் அங்கே எதைக் கவனிப்பது, ஒன்றும் வாங்காமல் திரும்பினால் தவறாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்காமல் திரும்புவதில் தவறே இல்லை. ஆனால், முடிந்த பொருள்களைக் கடையிலும் பார்த்துவிடலாம் என்பதால், பட்டறைக்குப் போகிறவர் பாதியில் நிற்கும் வேலையின் அருகே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டைப் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்யும் இருவர், இரண்டு நாள்கள் அப்படித் திறந்துவைத்திருந்தார்கள். பின்கட்டில் கண்ணாடிக் கலைஞர், களிமண் போன்ற பூச்சுத் தடவிய எஃகுக் கம்பியில், கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடிக் குச்சியைத் தீயில் உருக்கிச் சுற்றி, மணி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். தீயில் இருந்தவரை அது செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. வெளியே எடுத்ததும் ஒளி அடங்கிக் கறுத்ததே தவிர, நீலம் தெரியவில்லை. அதை உடனே ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்த மின் அடுப்புக்குள் வைத்து மூடிவிட்டார். திறந்த காற்றில் ஆறவிட்டால், வெளிப்புறம் முதலில் இறுகிவிட, உட்புறம் அதற்குப் பிறகும் சுருங்க முயல்வதால் இழுவிசை உள்ளேயே தங்கி, இன்றோ ஒரு மாதம் கழித்தோ மணியில் விரிசல் விழுந்துவிடும் என்றார். அவசரமாக ஆறிய ஒரு துண்டைக் ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் விடும் போலராய்டுத் தகடுகள் இரண்டைக் குறுக்காகப் பிடித்து, அவற்றின் நடுவே காட்டினார். வெறுங்கண்ணுக்குக் குறையே தெரியாத அந்தத் துண்டின் ஓரங்களில், உள்ளே தங்கிய இழுவிசையின் அடையாளமாக, வெண்ணிற ஒளி படர்ந்து நின்றது. அதைக் காட்டச் சொல்லி நீங்களும் கேளுங்கள். மேசையில் கிடக்கும் எதையும் கேட்காமல் எடுக்காதீர்கள். 300 டிகிரியில் இருக்கும் கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

முன்கட்டில் நெசவுக் கலைஞரான அம்மா, பருத்திப் பாவில் (நீளவாட்டு நூலில்) கோரையைக் குறுக்கு ஊடையாகக் கொடுத்துத் தொங்கல் திரை நெய்துகொண்டிருந்தார். கோரை, பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் ஆச்சியின் கல்யாணப் பாய், மணமக்களின் பெயர்கள் நெய்தது, இன்றும் பரணில் இருக்கிறது. அதைச் சிறுவயதிலிருந்து பார்த்தும், ஒரு கோரைத் தண்டைக் கிழித்து, தாமிரபரணியின் ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, உள்ளிருக்கும் மென்மையான சோற்றுப் பகுதியைச் சுரண்டி நீக்கி, நூலுக்கு நிகராக மெலியச் செய்த பிறகுதான் தறிக்கே வருகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் ஒரு கீற்றை என் உள்ளங்கையில் வைத்தபோது எடையே தெரியவில்லை. "தொட்டுப் பாருங்க, துணி தொடத்தானே" என்றார். துணியைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பாருங்கள். கரையோரத்தில் வரிசையாகச் சிறு ஊசித்துளைகள் தெரிந்தால், நெய்யும்போது அகலம் சுருங்காமல் பிடித்து நிறுத்திய கழியின் தடம் அது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலை (செடி, பூ வடிவங்கள் நெய்தது) உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்; ஒரு நெசவாளரிடம் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். பேரம் பேசாதீர்கள், முக்கியமாக மற்றவர்கள் முன்னிலையில்.

முடிந்தால் இரண்டு நாளும் போங்கள். அடுப்பு எப்போது திறக்கப்படும் என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு மீண்டும் போனேன். கண்ணாடிக் கலைஞர் கம்பியிலிருந்து மணியைத் திருகிக் கழற்றி, துளையிலிருந்த பூச்சை நீரில் கழுவி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முழு நீலமாக இருந்தது.